உங்களுக்குத் தெரியுமா? சுட்ட தோட்டாவுக்கு மறுபிறவி

ஒரு தோட்டாவில் நான்கே பொருள்கள்தான் உண்டு: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துவிடும், பிரைமர் ஒருமுறை வெடித்ததோடு சரி. கூடு மட்டும் காலடியில் கிடக்கும். நான்கில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். அதைப் பொறுக்கி எடுத்து மறுபடி தோட்டாவாக்குவதற்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் இது வீட்டுக் கராஜில் நடக்கிற பொழுதுபோக்கு. அதற்கான பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கென்றே அங்கே ஒரு சங்கம்கூட இருக்கிறது.

நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இந்தப் பக்கத்தில் செய்முறை இருக்காது. கருவிகளும் அவற்றின் பின்னால் இருந்த மனிதர்களும்தான் இருப்பார்கள். இவர்களில் அநேகமாக எல்லோரும் துரத்தியது ஒன்றைத்தான்: முதல் குண்டு போன இடத்துக்கே அடுத்த குண்டும் போக வேண்டும்.

பாக்குவெட்டி போல ஒரு கருவி

1884-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் ‘ஐடியல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற கருவி பார்ப்பதற்கு நம் வீட்டுப் பாக்குவெட்டி போலவே இருக்கும். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு கீல், அழுத்தினால் வேலை முடிந்தது. பழைய பிரைமரை நீக்குவது, புதியதைப் பொருத்துவது, குண்டைக் கூட்டுக்குள் அமர்த்துவது எல்லாம் அதிலேயே. சில மாடல்களில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும் அச்சும் நுனியிலேயே இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடலாம். கைப்பிடியும் உலோகம் என்பதால் நாலு குண்டு வார்ப்பதற்குள் கை சுட்டுவிடும். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதில் இந்த இடுக்கிகளும் உண்டு. 1925-ல் லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கியது. லைமன் இன்றும் இருக்கிறது. பார்லோ தொடங்கிய ரீலோடிங் கையேட்டு மரபும் அதன் பதிப்புகளாகத் தொடர்கிறது.

ஒரு சுத்தியல் போதும்

1958-ல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையில் செய்த ‘லீ லோடர்’ இன்னும் எளிது. கூட்டை அச்சுக்குள் அழுத்தும் பிரஸ் வேண்டாம், பெரிய மேசை வேண்டாம். சின்னப் பெட்டிக்குள் சில உருளைகள், ஒரு கம்பி, அளவுக் கரண்டி. மீதி வேலையைச் சுத்தியல் பார்த்துக்கொள்ளும். முதலில் ஷாட்கன் தோட்டாவுக்காகத்தான் வந்தது. பிறகு ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் வந்தது. காசில்லாத பல இளைஞர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நுழைந்த வாசல் இது.

ஒரு காட்டு விலங்கின் பெயரில்

ஆர்.சி.பி.எஸ். என்ற பச்சை நிறக் கருவிகளைத் தெரியாத ரீலோடர் இல்லை. அந்த நான்கு எழுத்துகளில் முதல் இரண்டும் ‘ராக் சக்’ என்ற விலங்கைக் குறிக்கும். அமெரிக்க மேற்குப் பகுதியின் பாறை இடுக்குகளில் வாழும், கொழுத்த அணில் இனம் அது. 1943-ல், உலகப் போரின் நடுவே, வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். சுட்டுப்போட்ட .22 என்ற சிறு தோட்டாவின் கூடுகளை அச்சில் அழுத்தி, அவற்றையே ஈயக் குண்டின் மேலுறையாக்குவதுதான் அது. தூக்கிப்போட வேண்டிய பொருளிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது.

அதே காலத்தில் வெர்னன் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடி இருவரும் இதே வித்தையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஹார்னடி 1949-ல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் தனியாகக் கடை போட்டார். ஆர்.சி.பி.எஸ்., ஸ்பியர், ஹார்னடி என்று இன்று உலகம் அறிந்த மூன்று பெயர்களுக்கும் மூலதனம், யாரோ சுட்டுப்போட்ட காலி .22 கூடு.

மாட்டு மேய்ச்சல் நிலத்தில் மருந்துக் கிடங்கு

போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மலை மலையாக மருந்து மிச்சம். கன்சாஸ் பகுதியில் விற்பனையாளராக வேலை பார்த்த புரூஸ் ஹாட்ஜ்டன் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, 25 டன் உபரி மருந்தை வாங்கிப்போட்டார். வைக்க இடமில்லை. பழைய ரயில் பெட்டிகளை ஒரு மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதில் வைத்தார். வாங்கிய சரக்கின் ராணுவ எண் 4895. இன்று அந்த எண்ணோடு, முன்னால் ‘எச்’ என்ற அவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து விற்கிற மருந்து ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையிலிருந்து வருகிறது.

நாடு மாறிப் போன பிரைமர்கள்

அமெரிக்கத் தோட்டாக்களில் இருக்கும் பிரைமரை வடிவமைத்தவர் ஓர் ஆங்கிலேயர். லண்டன் வூல்விச்சில் இருந்த எட்வர்ட் பாக்ஸர். ஐரோப்பா நெடுங்காலம் வைத்துக்கொண்ட பிரைமரை வடிவமைத்தவர் ஓர் அமெரிக்கர். உள்நாட்டுப் போரில் குறிசுடும் படையைத் திரட்டிய ஹைரம் பெர்டன். இரண்டும் 1860-களில் வந்தவை.

ரீலோடிங் அமெரிக்காவில் வேர்பிடித்ததற்கும் ஐரோப்பாவில் அந்த அளவு பிடிக்காததற்கும் இதில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை. ஓர் ஊசியை உள்ளே விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டன் முறையில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள், நடுவில் பித்தளை மேடு. ஊசி போனால் மேட்டில் முட்டி உடையும். பெர்டன் கூட்டுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

குதிரை லாயமும் பித்தளையும்

இது இந்தியாவில் நடந்தது. உலோகவியல் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள், மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. வெயில்காலத்தில் அப்படி ஆவதில்லை. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வந்துவிட்டது. காரணம் பிடிபட்டது 1921-ல்தான். தோட்டாக்களைக் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மழைக்கால ஈரத்தோடு கலந்து பித்தளையைத் தாக்கியது. பித்தளையை இழுத்து நீட்டிக் கூடாக்கும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கம், அந்த இடத்தில் விரிசலாக வெடித்தது.

தீர்வு எளிது. கூட்டின் கழுத்தை அளவாகச் சூடாக்கினால் இறுக்கம் தளர்ந்துவிடும். புதிய ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அழுக்கு என்று சிலர் துடைப்பார்கள். அது சூடு காட்டியதற்கான அடையாளம். பித்தளைக் கூடுகளை அம்மோனியா கலந்த மெருகு திரவத்தால் துலக்கக் கூடாது என்று ரீலோடர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இந்தப் பழைய அனுபவத்தால்தான். அரைத்த வால்நட் ஓட்டையும் சோளத் தக்கையையும் போட்டு, கூடுகளைச் சுழலவிட்டுத்தான் துலக்குவார்கள்.

ஒரு பவுன் எடை

மருந்தையும் குண்டையும் கிரெயின் என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு வழக்கமாக வரும் 124 கிரெயின் குண்டின் எடை சுமார் 8 கிராம். ஏறக்குறைய ஒரு பவுன்!

பழைய ரீலோடிங் தராசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகைக்கடைக்காரர் ரசிப்பார். ஒற்றைத் தண்டு, அதில் பள்ளம் பள்ளமாகப் பல் வெட்டியிருக்கும், நகரும் சிறு எடைகள், கத்திமுனை போன்ற தாங்கி. தண்டின் நுனியில் ஒரு செப்புத் தகடு, அதன் இருபுறமும் காந்தம். தண்டு ஆடிக்கொண்டே இருக்காமல் சட்டென்று நிற்பதற்காக இந்த ஏற்பாடு. பக்கத்தில் ‘டிரிக்ளர்’ என்று ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். அதன் குமிழை விரலால் மெல்லத் திருகினால், குழாய் வழியே மருந்து ஒவ்வொரு துணுக்காகத் தட்டில் விழும். கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் வரை துல்லியம். இப்போது மின்னணுத் தராசு இதையெல்லாம் தானே செய்கிறது. ஆனாலும் அந்தத் தண்டுத் தராசை யாரும் எளிதில் விற்றுவிடுவதில்லை. மின்சாரம் வேண்டாம், தூசு படாமல் வைத்தால் பேரன் காலத்திலும் சரியாக நிறுக்கும்.

எல்லாம் பொருந்தும்

ரீலோடிங் அச்சுகளின் வெளிப்புறத்தில் மரை உண்டு. அதன் விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்குப் 14 சுற்று. போட்டி நிறுவனங்கள்கூட இந்த ஓர் அளவை ஏற்றுக்கொண்டன. அப்பா காலத்து அச்சை இன்றைய பிரஸ்ஸில் மாட்டலாம். இன்றைய அச்சைப் பழைய பிரஸ்ஸில் திருகலாம். செல்போன் சார்ஜருக்கு நாம் பட்ட பாட்டை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

கடலூரில் முடிந்த ஒரு வாழ்க்கை

பறக்கிற குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? கண்ணுக்கே தெரியாத ஒன்றை எந்தக் கடிகாரத்தால் பிடிப்பது? 18-ஆம் நூற்றாண்டில் இதற்கு விடை சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித மேதை.

கனமான ஒரு மரக்கட்டையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். துப்பாக்கியால் கட்டையைச் சுட்டால் அது பின்னோக்கி ஆடும், நாடா வெளியே இழுபடும். எவ்வளவு நாடா வந்ததோ அவ்வளவு ஆட்டம். கட்டையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும், ஆட்டமும் தெரிந்துவிட்டது. மீதியைக் கணக்கு சொல்லிவிடும். மஸ்கெட் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போகிறது என்று கண்டார். அதைவிடப் பெரிய செய்தி, காற்று அந்தக் குண்டை எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்பது. அதுவரை அறிஞர்கள் அதைப் பெரிதாக மதிக்கவே இல்லை. 1742-ல் வந்த அவருடைய புத்தகத்தை, மூன்றே ஆண்டில் மாபெரும் கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிட நீளமாக விளக்கமும் எழுதினார். குழாயின் உள்ளே சுருள் வரி வெட்டிய துப்பாக்கிதான் எதிர்காலம் என்றும் ராபின்ஸ் அப்போதே எழுதிவிட்டார்.

அவருடைய வாழ்க்கை முடிந்தது நம் மண்ணில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-ல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர் முன்னர் சென்னையைப் பிடித்துக்கொண்டதால், கம்பெனியின் சோழமண்டலக் கரை நிர்வாகம் அப்போது அங்கிருந்துதான் நடந்தது. கோட்டைகளுக்கான வரைபடங்கள் தயாரித்தார். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் பிடித்தது. 1751 ஜூலையில் அந்தக் கோட்டையிலேயே இறந்தார். கோட்டையின் இடிபாடுகள் தேவனாம்பட்டினத்தில் இன்றும் நிற்கின்றன. குண்டின் பறத்தலை அறிவியலாக்கிய மனிதர் கடைசி மூச்சுவிட்ட இடம் இது என்பது, அங்கே கடற்கரைக்கு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூரில்தான்.

டாக்டரின் ஜிப்ரால்டர்

மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான் மருத்துவம் படித்தவர். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தார்: ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, இருந்தும் குண்டுகள் ஏன் ஒரே துளையில் போவதில்லை? மனிதக் கை நடுங்குவதை ஒழிக்க, பூமியில் ஆழப் பதித்த கான்கிரீட் தூண் ஒன்றைக் கட்டி அதன்மேல் துப்பாக்கிக் குழாயைப் பூட்டினார். ‘ஜிப்ரால்டர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். குண்டு போகும் வழியெல்லாம் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்தி, அது எங்கே எப்படி ஆடிக்கொண்டு போகிறது என்று துளைகளைப் பார்த்தார். 1909-ல் அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாக்கினார். குண்டின் சமநிலை கெட்டிருப்பதும், அதன் அடிப்பாகம் கோணலாக இருப்பதும்தான் பெரிய எதிரிகள் என்பது அவருடைய முடிவு. இன்று குண்டைச் சுழற்றிக் கோணல் பார்க்கும் டயல் கேஜை எவராவது வாங்கினால், அதன் பின்னால் இந்த டாக்டர் நிற்கிறார்.

0.009 அங்குலம்

துப்பாக்கியை மேசைமேல் மணல்பைகளில் வைத்துச் சுடும் போட்டி பெஞ்ச்ரெஸ்ட். 1973-ல் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டார். துளைகளின் மையங்களுக்கு இடையே இருந்த அதிகபட்சத் தூரம் 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்து குண்டும் போன துளை, ஒரே குண்டு போனதுபோலத் தெரியும். அதை அளப்பதற்கே தனி உருப்பெருக்கி வேண்டியிருக்கிறது.

இந்தப் போட்டியை ஆண்ட 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவை உருவாக்கியவர்கள் பால்மிசானோ, பிண்டெல். ஒருவர் ரத்தக்குழாய் அறுவை நிபுணர், இன்னொருவர் அச்சுக் கருவிகள் செய்பவர்.

அரசியின் முதல் குண்டு

1860-ல் விம்பிள்டன் திடலில் இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்தியபோது, தொடங்கிவைத்தவர் விக்டோரியா அரசி. விட்வொர்த் ரைஃபிளை இயந்திரத் தாங்கியில் முன்கூட்டியே குறிவைத்துப் பூட்டியிருந்தார்கள். அரசி பட்டுக்கயிற்றை இழுத்தார். 400 கெஜத்தில் குண்டு மையத்துக்கு வெகு அருகில் பட்டது. அந்தப் போட்டிகள் பின்னர் பிஸ்லிக்கு மாறின. கோலாப்பூர் ராஜா அளித்த கோப்பைக்கு 1871 முதல் போட்டி நடக்கிறது.

அடுத்தவர் இலக்கில் அடித்த தங்கம்

1874-ல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின. 800, 900, 1,000 கெஜ தூரங்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளி! அயர்லாந்து வீரர் ஒருவர் மையத்தில் அடித்த ஒரு குண்டு பக்கத்து இலக்கில் பட்டது. அதற்குக் கிடைக்க வேண்டிய நாலு புள்ளி பூஜ்யமானது.

130 ஆண்டு கழித்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசிக் குண்டைச் சுட்டார். பக்கத்துத் தடத்தின் இலக்கில். பூஜ்யம். தங்கத்தில் இருந்தவர் எட்டாம் இடத்துக்குப் போனார்.

இரண்டு முறை கொட்டினால்

கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து பல நேரம் கூட்டின் பாதிக்கும் குறைவாகவே நிற்கும். மறதியில் இரண்டு தடவை கொட்டிவிட்டாலும் கூடு வழியாது. அதைச் சுட்டால் துப்பாக்கி சிதறலாம், விரல் போகலாம், கண் போகலாம். ஐம்பது குழி கொண்ட மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான். எத்தனை விலை உயர்ந்த இயந்திரம் வைத்திருந்தாலும் அந்த டார்ச் வெளிச்சத்தை விடக் கூடாது. பழைய பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். துலக்கும்போது கிளம்பும் தூசியிலும் இருக்கும். அந்த மேசையில் சாப்பாடு கூடாது, எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் கண்டிப்பான விதி.

அரை மில்லிமீட்டர் புள்ளி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாவது வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட் என்கிற அதன் சிறு குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற கடைசிக் குண்டுக்குக் கிடைத்தது 10.8. அதிகபட்சமே 10.9தான். 2012-ல் இதே பிரிவில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர்.

காகித இலக்குக் காலத்தில், குண்டு கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வந்தால், துளைக்குள் ஓர் உலோகச் செருகியை விட்டு உருப்பெருக்கியால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இன்று ஒலி உணரிகளும் ஒளிக்கற்றைகளும் அதை நொடியில் சொல்லிவிடுகின்றன. ஓய்வுபெற்ற நடுவர்களிடம் அந்தச் செருகிகள் பெட்டியோடு இருக்கும். சேகரிப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

நிரப்ப முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒலிம்பிக்கில் 50 மீட்டருக்குச் சுடும் .22 தோட்டாவை ரீலோடு செய்ய முடியாது. அதற்குத் தனிப் பிரைமர் கிடையாது. வெடிக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. விளிம்பு ஒருமுறை நசுங்கினால் முடிந்தது. ஆகவே இந்த வீரர்கள் தோட்டாவைச் செய்வதற்குப் பதில் தேடுகிறார்கள். ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவா நிறுவனமும், இங்கிலாந்தில் ஈலி நிறுவனமும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர் தன் ரைஃபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை ஆடாமல் தாங்கியில் பூட்டி, வெவ்வேறு லாட் தோட்டாக்களை, அதாவது தனித்தனித் தவணைகளில் தயாரான தொகுதிகளை, மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு லாட் இந்தத் துப்பாக்கியில் ஒரே துளையாகப் போகும், இன்னொன்று சிதறும். பக்கத்து வீரரின் துப்பாக்கியில் அது தலைகீழாகவும் இருக்கலாம். ஏர் ரைஃபிள் பெல்லட்டுக்கும் இதே தேடல் உண்டு. 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டப்பாக்கள் விற்கிறார்கள். ஒத்துவரும் லாட் எண் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டுப் போட்டிகளுக்குத் தேவையான அத்தனையையும் அப்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். அது தீர்ந்துபோனால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஷோனெபெக் போக வேண்டியதுதான்.